எங்கள் பூட்டனாருக்கு மூன்று தொழில்: கிராமத்துக் குடும்பத்தின் தடத்தைப் பழைய ஏடுகளில் தேடும் முறை

பத்திர எழுத்தர் ஒருவரிடம் 19 வருடம் நகல் எழுதும் வேலை பார்த்தவள் நான். ஊராருக்கெல்லாம் தாய்ப்பத்திரம் தேடிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பத்திரங்களை விரித்து வாசித்தது அப்பா இறந்த பிறகுதான். தகரப் பெட்டியின் அடியில் இரண்டு பத்திரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. 1919ஆம் வருடத்து ஒத்திப் பத்திரத்தில் பூட்டனார் (தாத்தாவின் அப்பா) பெயரோடு ‘சாணார்’ என்றும், ‘பனையேற்று ஜீவனம்’ என்றும் இருந்தது. 1926ஆம் வருடத்துக் கிரையப் பத்திரத்தில் அதே பெயர், அதே தகப்பனார் பெயர். ஆனால் பட்டம் ‘நாடார்’. ஜீவனமோ ‘விவசாயம்’.

வேறு வேறு ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழு வருடத்தில் ஒரு மனிதருக்குப் பட்டமும் தொழிலும் சேர்ந்து மாறுமா? மாறியிருந்தது. அது எப்படி என்று தேடப் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்த நான்கு வருடத்தில் கற்றதை எழுதுகிறேன். எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே தேரி என்கிற செம்மணல் மேட்டில் இருக்கிறது. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார். உங்கள் ஊரும் சமூகமும் வேறாக இருக்கலாம், ஏடுகளின் பெயரும் கொஞ்சம் மாறும். தேடுகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். குடும்பத்தார் பெயர்களை இங்கே எழுதவில்லை. சித்தப்பா மக்களுக்கு அதில் விருப்பமில்லை. முறைப்பெயராலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் பட்டத்தைப் பற்றி. நமக்கு வெள்ளைக்காரர்களைப் போல வழிவழியாக வருகிற குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரும், அதற்குப் பின்னால் சாதிப் பட்டமும்தான். அந்தப் பட்டம் மாறுகிற இடங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எங்களைப் பொறுத்தவரை 1921 முக்கியமான வருடம். 1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தார் விடாமல் கேட்டதன் பேரில், சென்னை மாகாண அரசு அந்த வருடம் அரசுப் பதிவுகளில் ‘சாணார்’ என்பதற்குப் பதிலாக ‘நாடார்’ என்றே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. அதனால் 1921க்கு முந்திய ஏட்டில் ‘நாடார்’ என்று மட்டும் தேடினால் கண்ணில் படாமல் போகலாம். இப்போது அந்தப் பழைய பெயரைச் சொன்னால் மனம் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயம்தான். வசையாக எறியப்பட்ட சொல் அது. ஆனால் தேடுகிறவர் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. அதற்குள்தான் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

கைக்கோளர் செங்குந்தர் ஆனதும், கம்மாளர் விஸ்வகர்மா ஆனதும், குயவர் குலாலர் ஆனதும் இதே மாதிரிதான். உங்கள் சமூகத்துக்கு அப்படி ஒரு வருடமோ சில வருடங்களோ இருக்கும். சமூகச் சங்கத்தின் பழைய மலர் ஏதாவது கிடைத்தால் அதில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அப்புறம் 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. அதை ஏற்றுப் பட்டத்தைத் துறந்தவர்கள் வீட்டில் 1930களுக்குப் பிறகு வெறும் பெயர்தான் இருக்கும். பட்டம் இல்லாமல் ஒருவர் பெயர் வந்தால் வேறு சாதிக்காரர் என்று தள்ளிவிடாதீர்கள்.

வீட்டில் தொடங்குங்கள்

பெட்டி, பரண், பைபிளின் முதல் தாள், ஃபோட்டோச் சட்டத்தின் பின்புறம், எல்லாவற்றையும் பாருங்கள். எனக்கு அதிகம் உதவியது மொய் நோட்டு. அத்தை கல்யாணத்தின் மொய் நோட்டில் இன்ன ஊர், இன்ன வீட்டார், இவ்வளவு ரூபாய் என்று வரிசையாக இருந்தது. அதில் ‘விடிலிக்கார வீடு’ என்று எழுதியிருந்தார்கள். விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடில். அது எங்கள் வீட்டின் பட்டப்பெயர் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எந்த அரசு ஏட்டிலும் அது இல்லை. ஆனால் ஊரில் கிழவிகளிடம் ‘நாங்க விடிலிக்கார வீடு’ என்று சொன்னதும் மடமடவென்று நாலு தலைமுறையைச் சொல்லிவிட்டார்கள்.

வயதானவர்களிடம் “பூட்டனார் பெயர் என்ன, எந்த வருடம் பிறந்தார்?” என்று கேட்காதீர்கள். தெரியாது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். “நம்ம பனைக்கு வடக்கே யார் பனை?”, “கல்யாணத்துக்குப் பொண்ணு எந்த ஊர்ல இருந்து வந்தது?”, “அப்ப பஞ்சமா, நல்ல காலமா?” என்று கேளுங்கள். தாது வருசப் பஞ்சம் என்றால் 1876 முதல் 1878. வ.உ.சி. கப்பல் விட்ட சமயம் என்றால் 1906, 1907. எம்டன் குண்டு போட்ட வருசம் 1914. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். இந்த நான்கையும் வைத்தே எங்கள் குடும்பத்தில் பாதிப்பேருக்கு வயதை நெருங்கிச் சொல்ல முடிந்தது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கூப்பிடுகிற பெயர் என்ன, எழுதுகிற பெயர் என்ன? எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பிள்ளையை வீட்டில் வேறு பெயரால் கூப்பிடுவார்கள். அதனால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். தாத்தா ஏட்டைப் பேரன் ஏடு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அறுபது வருடம் தவறிப்போகும்.

வருடமும் எழுத்தும்

பழைய ஏட்டை வாசிக்கும் முன் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய ஓலையிலும் பத்திரத்திலும் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் தேதிக்கு வருடம் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி பிறந்த பிறகு 825. கொல்லம் 1068 தை மாதம் என்றால் 1893 ஜனவரி பாதியில் தொடங்கும். வருவாய்த்துறைக் கணக்கில் பசலி இருக்கும். அது ஜூலை 1இல் தொடங்குகிறது. 590ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருடம் வரும். பசலி 1319 என்பது 1909 ஜூலை முதல் 1910 ஜூன் வரை.

எண்களைத் தமிழில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். ௧ பார்வைக்கு ‘க’, ௨ ‘உ’, ௫ ‘ரு’, ௬ ‘சு’, ௭ ‘எ’, ௮ ‘அ’. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. ௲௬௰௮ என்றால் ஆயிரத்து அறுபத்தெட்டு. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. ‘மேற்படி’க்கு ௸. இந்தக் கடைசிக் குறியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறது.

பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே கோடு. ஏகாரம் எகாரம் வித்தியாசம் இராது. அதனால் நாள் முழுக்க ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த ஊர்ப்பெயர்களை முதலில் பிடியுங்கள். அந்த ஊர்ப்பெயரில் எழுதியவர் ‘ர’வை எப்படிப் போடுகிறார், ‘னை’யை எப்படிப் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டால் மற்றச் சொற்கள் தானாகப் பிடிபடும். எனக்கு ‘உடன்குடி’தான் அரிச்சுவடி.

சேகரத்து ஏடு

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சேகரத்தில் (ஒரு குருவானவருக்குக் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) மூன்று ஏடுகள் இருக்கும்: ஞானஸ்நானம், விவாகம், அடக்கம். குருவானவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். இன்னாருடைய பேத்தி, இதற்காகப் பார்க்கிறேன், ஃபோட்டோ எடுக்கலாமா என்று தெளிவாக எழுதுங்கள். கல்யாண மாதத்திலும் அறுப்பின் பண்டிகைச் சமயத்திலும் போக வேண்டாம். நான் போனபோது, ஏட்டில் உள்ள பெயர்களுக்கு அகராதி வரிசையில் ஒரு பட்டியல் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவர்களுக்கும் அது தேவையாக இருந்தது. நகல் எழுதிய கை, மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன். அதன் பலனாக அந்த ஏட்டின் ஒவ்வொரு வரியையும் நான் வாசித்தாயிற்று. நம் ஆளை மட்டும் தேடினால் கிடைக்காத விஷயமெல்லாம் அப்படி வாசிக்கும்போதுதான் கிடைத்தது.

ஞானஸ்நான ஏட்டில் தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஊர், தகப்பன் தொழில், கொடுத்தவர் கையெழுத்து என்று கட்டங்கள். நீல மை பழுப்பாகிவிட்டது. ஒரு பக்கத்தில் 15 பிள்ளைகள். முதல் பிள்ளைக்கு நேராகத் தகப்பன் தொழில் ‘பனையேறி’ என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே 14 வரிக்கும் ௸, ௸, ௸. சங்கிலி மாதிரி இறங்குகிறது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் எங்கள் பூட்டனார். பதினான்கு பேருமே பனை ஏறியவர்களா? இல்லை. அதே பக்கத்தில் ௸ போட்ட ஒருவர், அடுத்த வருடம் இன்னொரு பிள்ளைக்கு ‘உபதேசியார்’ (சபை ஊழியர்) என்று வருகிறார். எழுதியவர் ஒருவரையும் கேட்கவில்லை, கை ஓடிய ஓட்டத்தில் குறியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

ஆகவே ஒரு தொழிலை ஏட்டில் கண்டால் அது முழுச் சொல்லாக எழுதியிருக்கிறதா, மேற்படிக் குறியா என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சொல்லாக எழுதியிருந்தால் கேட்டு எழுதியிருக்கலாம். குறியென்றால் பாதி மதிப்புதான். அதோடு எழுதிய கையெழுத்து எந்த வருடத்தில் மாறுகிறது என்றும் பாருங்கள். எங்கள் ஏட்டில் உபதேசியார் மாறிய மறு மாதமே ஊரில் ‘கருப்பட்டி வியாபாரி’கள் நாலு பேர் முளைத்துவிட்டார்கள். ஊர் மாறவில்லை, கேட்கிற ஆள் மாறியிருக்கிறார்.

வயது வந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பெயரே மாறும். சுடலையும் மாடனும் ஞானமுத்தாகவும் தேவசகாயமாகவும் ஆவார்கள். எங்கள் ஏட்டில் சில வரிகளில் மட்டும் ‘முன் பெயர்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஓட்டனாருக்கு (பூட்டனாரின் அப்பா) அது இல்லை. அவருடைய பழைய பெயரைக் கடைசியில் நிலக் கணக்கில்தான் பிடித்தேன். இன்னொன்று, எங்கள் சேகர ஏட்டில் சாதிப் பட்டம் எங்குமே இல்லை. அதே ஆள் பத்திரத்தில் பட்டத்தோடு வருவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

விவாக ஏடு அதைவிட அருமையானது. பெண்ணின் ஊரும் அவள் தகப்பன் பெயரும் அதில்தான் இருக்கும். ஓலை வாசித்த, அதாவது கல்யாணத்தைச் சபையில் முன்கூட்டி அறிவித்த, தேதிகளும் இருக்கும். 1872ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவின் பிரதி அரசுக்குப் போக வேண்டும் என்பதால், சேகரத்தில் செல்லரித்துப் போயிருந்தாலும் கேட்டுப் பார்க்க வழி உண்டு. ஆண்கள் வழியில் கதவு அடைத்துக்கொண்டால் பெண் எடுத்த ஊருக்குப் போய்விடுங்கள். எனக்கு ஓட்டனாரின் தகப்பன் பெயர் கிடைத்தது, அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்த நாசரேத்துப் பக்கத்து ஊரில்தான்.

பத்திரப் பதிவு

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பதிவு அலுவலகங்கள் 1860களில் வந்தன. இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடும் வில்லங்கம் கேட்க வேண்டும். அங்கே இரண்டு வகை அட்டவணை உண்டு. முதலாவது ஆள் பெயரால், இரண்டாவது சொத்தால். எல்லோரும் முதலாவதைக் கேட்பார்கள். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். ஆள் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். கிராமமும் சர்வே எண்ணும் அப்படி அலைபாயாது. மறு அளவையில் எண் மாறியிருந்தால் பழைய எண் புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல் தாலுகா அலுவலகத்தில் இருக்கும்.

பத்திரத்தில் ஆளை அடையாளம் காட்டும் வரி ஒரே அச்சில் வரும்: இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் மகன், இன்ன பட்டம், இன்ன மதம், இன்ன ஜீவனம். இதில் ‘ஜீவனம்’தான் தொழில். விவசாய ஜீவனம், வியாபார ஜீவனம், கூலி ஜீவனம். நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். வந்தவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ‘விவசாயம்’ என்று எழுதுவதுதான் வழக்கம். நிலம் வாங்குகிறவரை விவசாயி என்று எழுதுவது மரியாதை என்றும் எங்கள் எழுத்தர் சொல்வார். 1926ஆம் வருடத்துப் பத்திரத்தில் பூட்டனார் விவசாயி ஆனதற்கு அவர் பனையைவிட்டு இறங்கிவிட்டார் என்று அர்த்தமில்லை. அன்று அவர் நிலம் வாங்கினார், அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். எழுதத் தெரியாதவர் கீறிய குறிக்குப் பக்கத்தில் ‘இது இன்னார் தற்குறி’ என்று எழுதியிருப்பார்கள். 1919இல் பூட்டனார் தற்குறி. 1926இல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் எழுத்து பெரிதாக, போகப் போகச் சிறுத்து, கடைசி இரண்டு எழுத்துகள் கீழ்வரிக்கு இறங்கிவிட்டன. நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படித்திருக்கிறார் மனிதர். அந்தக் கையெழுத்தை நகல் வாங்கினால் வராது, நகலில் அலுவலக எழுத்துதான் இருக்கும். மூலம் யார் வீட்டில் இருக்கிறது என்று பங்காளிகளிடம் கேளுங்கள்.

பத்திரமே இல்லையே என்று கலங்காதீர்கள். 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தில் 100 ரூபாய்க்குக் குறைந்த கிரையத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏழைகளின் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அவர்களை அக்கம்பக்கத்தார் பத்திரத்தில் தேட வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் நான்கு எல்கை எழுதுவார்கள்: இன்னார் பனைக்கு மேற்கு, இன்னார் விளைக்குத் தெற்கு. நம் ஆள் அந்த ‘இன்னார்’ ஆக இருப்பார். சொந்தமாகப் பத்திரம் இல்லாத ஓட்டனாரை மூன்று பேருடைய எல்கையில் கண்டுபிடித்தேன்.

எல்கையைப் பார்க்காமல் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பூட்டனார் பெயரிலும், அவர் தகப்பனார் பெயரிலும் ஊரில் இன்னொருவர் இருந்தார். ஏழு மாதம் அவருடைய பத்திரங்களை எங்களுடையவை என்று நினைத்து நகல் வாங்கிச் சேர்த்தேன். பணமும் போயிற்று. அந்த ஆள் நிலத்துக்கு வடக்கே ஓடை. எங்கள் நிலத்துக்கு வடக்கே தேரி. ஒருநாள் பங்காளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து காகிதத்தில் கண்ட நிலத்தைக் காலால் மிதிக்காமல் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிலக் கணக்கு

கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் சர்வே எண் வாரியாக நிலத்தைக் காட்டும் ‘அ’ பதிவேடு இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவு அதற்கு அடுத்த மூலம். அதற்கு முன், நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு, ரீசெட்டில்மென்ட் பதிவேடு. யூ.டி.ஆரில் செத்தவர் பெயர் நீடிப்பதும் பங்காளி பெயர் ஏறுவதும் சகஜம். சொத்து வழக்குக்கு அது தலைவலி. நமக்கோ செத்தவர் பெயர் வேண்டியதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘என் முன்னோர் விவரம் தரவும்’ என்று எழுதினால் பதில் வராது.

பனைக்குத் தனிக் கணக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு மரப்பட்டா கொடுப்பார்கள், 2சி பட்டா என்று சொல்வது அதைத்தான். நிலம் ஒருவருக்கு, மேலே நிற்கும் பனை இன்னொருவருக்கு என்று ஒத்திப் பத்திரங்களும் இருக்கின்றன. பனையேறிக் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் நிலத்தோடு நிற்காமல் மரத்தைக் கேளுங்கள்.

எல்லையும் மாறியிருக்கிறது. எங்கள் ஊர் பழைய பத்திரத்தில் தென்கரைத் தாலுகா, அப்புறம் திருச்செந்தூர் தாலுகா. 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், அதற்குப் பிறகு தூத்துக்குடி. எந்த வருடத்து ஏடு எந்த ஊர் அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பஸ் ஏறுங்கள். அரசாணை, மாவட்டக் கடிதப் போக்குவரத்து, இனாம் பதிவேடு இவையெல்லாம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆள்வாரிப் படிவங்களை வைத்திருக்கவில்லை. சாதிவாரி, தொழில்வாரித் தொகை மட்டும்தான் அச்சில் இருக்கிறது.

மூன்று தொழிலும் உண்மை

1923இல் பூட்டனாருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் தொழில் பனையேறி, இந்தத் தடவை முழுச் சொல்லாகவே இருக்கிறது. அதே வருடம் மூத்த மகனைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். சேர்க்கைப் பதிவேட்டில் கருப்பட்டி வியாபாரம். மூன்று வருடம் கழித்துப் பத்திரத்தில் விவசாயம். எது பொய்? ஒன்றும் இல்லை. பங்குனி முதல் ஆவணி வரை காலையும் மாலையும் முப்பது நாற்பது பனை ஏறுவார். மழைக்காலத்தில் கருப்பட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விற்பார். கார்த்திகையில் கொல்லையில் பயறு விதைப்பார். எந்த மாதம், யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் வந்திருக்கிறது. அதனால்தான் நான் இப்போது தொழிலை எழுதும்போது ‘பனையேறி, பிறகு வியாபாரி, பிறகு விவசாயி’ என்று படிக்கட்டு மாதிரி எழுதுவதில்லை. ஏடு, தேதி, எழுதியவர், எழுதிய சொல், இந்த நான்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பள்ளிப் பதிவேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பிறந்த தேதியை வாத்தியார் போட்டிருப்பார், நம்ப வேண்டாம். தகப்பன் தொழிலையும் ஊரையும் நம்பலாம். மதுவிலக்கு வந்த பிறகு பதநீர் இறக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களிலும் உறுப்பினர் ஏடு இருக்கும். எங்கள் தாத்தா கடைசியாகப் ‘பனைத் தொழிலாளி’ என்று வருவது அங்கேதான். அதன் பிறகு அவர் தூத்துக்குடி மில்லுக்குப் போய்விட்டார்.

பூட்டனாரின் தம்பி கொழும்புக்குப் போனவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தார் தூத்துக்குடிக் கப்பலில் போவார்கள். தோட்டக் கூலிகளுக்குத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது, பிறகு மண்டபம். கங்காணி கொடுத்த துண்டு வீட்டில் இருந்தால் அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும். இலங்கையில் தேட அந்தத் தோட்டப் பெயர் ஒன்றே போதும், அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பம் என்றால் அவர்கள் கையில் குடும்ப அட்டை இருக்கும். அதில் முழுக் குடும்பமும் வயதோடு இருக்கும்.

இன்றைக்கு நடப்பதையும் குறித்து வையுங்கள். பட்டம் போய் இனிஷியல் வந்தது. ‘எஸ்.’ என்றால் சுடலையா, சாமுவேலா, செல்லையாவா? தமிழ் இனிஷியல் உள்ள பழைய காகிதம் ஒன்று கிடைத்தால் ‘சு.’வா ‘சா.’வா என்று தெரிந்துவிடும். அண்ணன் துபாய்க்குப் போனபோது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று அப்பா பெயரைக் கொடுத்தான். அவன் மகனுக்குப் பள்ளியில் தாத்தா பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. தம்பி மக்களுக்குத் தம்பி பெயர். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு குடும்பப் பெயர்கள். அறுபது வருடம் கழித்துத் தேடுகிறவர்கள் இவர்கள் உறவே இல்லை என்று நினைப்பார்கள். ஆகவே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, இரண்டு வீட்டிலும் பிரதி வைத்திருக்கிறோம்.

எழுதி வைக்கும்போது ஏட்டில் உள்ளதைத் திருத்தாதீர்கள். 1919இல் ‘சாணார்’ என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் அதன் காரணத்தையும் எழுதுங்கள். சித்தப்பா அதை ‘நாடார்’ என்று மாற்றச் சொன்னார். மாற்றினால் 1921இல் நம் ஆட்கள் எதற்காக அவ்வளவு போராடினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும் சித்தப்பா என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

எனக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. இத்தனை ஏட்டிலும் பூட்டிக்குத் தொழில் இல்லை. ஞானஸ்நான ஏட்டில் தாய்க்குத் தொழில் கட்டமே கிடையாது. பத்திரத்தில் அவள் ‘மேற்படியார் மனைவி’. பூட்டனார் இறக்கிய பதநீரை விடியற்காலையில் இருந்து காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கியது அவள்தான். அது இல்லாவிட்டால் அவர் எந்த ஏட்டிலும் வியாபாரி ஆகியிருக்க முடியாது. கிடைத்தது ஒரே ஒரு சீட்டு. விடிலிச் செலவுக்காகப் பித்தளைச் சருவத்தை அடகு வைத்து 15 ரூபாய் வாங்கியது, அவள் பெயரில். அதை வைத்தும் அத்தை சொன்னதை வைத்தும் எங்கள் குடும்பப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக எழுதினேன்: தொழில், பதநீர் காய்ச்சுதல். ஆதாரம், அடகுச் சீட்டு ஒன்று, பேத்தி சொன்னது. கீழே அத்தையிடம் கையெழுத்து வாங்கித் தேதி போட்டேன்.